ஜெம் இறங்க மறுக்கும் இடங்கள்

சென்னையில் கிளம்பி உலகச் சந்தைக்குப் போன மென்பொருள்களில் ஃப்ரெஷ்டெஸ்க் ஒன்று. 2010இல் கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் தொடங்கியது. பின்னாளில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தையில் ஏறியது. அதை எழுதியது ரூபி ஆன் ரெயில்ஸில். ரூபி என்ற நிரல்மொழியைக் கற்றால் சென்னையில் பிழைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இந்த ஒரு கதையே போதும். அந்தப் பேச்சு நகரத்துக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தள்ளியிருக்கும் பழவேற்காடு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று ஏரியை ஒட்டியும் கடலை ஒட்டியும் இருக்கும் ஊர்களிலிருந்து பொன்னேரிக்கும் சென்னைக்கும் படிக்கப் போகும் பிள்ளைகள் சிலர் வீட்டில் ஒரு பழைய மடிக்கணினியில் ரூபியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அவர்களில் பலர் மொழியின் முதல் பாடத்தில் தோற்பதில்லை. அதற்கும் முன்னால், ஜெம் எனப்படும் நிரல் பொட்டலத்தை நிறுவ ‘ஜெம் இன்ஸ்டால்’ என்று அடித்த இடத்தில் தோற்றுவிடுகிறார்கள்.

இந்தத் தோல்வியைப் பற்றி இணையத்தில் குவிந்திருப்பவை பெரும்பாலும் மருந்துச் சீட்டுகள்: இந்தப் பிழை வந்தால் இந்தக் கட்டளையை ஒட்டு. நோய் எங்கே என்று பார்ப்பவர்கள் குறைவு. ஜெம் பிழைகளை மொத்தமாக எடுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. திரையின் கடைசி வரியில் எந்த ஜெம்மின் பெயர் சிவப்பாக நிற்கிறதோ, அதன் மேல் தவறு இருப்பது அபூர்வம். அதற்குக் கீழே இருக்கும் நான்கு அடுக்குகளில் ஒன்று சரிந்திருக்கும்: வலைத் தொடர்பு, ரூபியின் இருப்பிடம், இயங்குதளத்தின் சி நூலகங்கள், பதிப்பு எண்களின் கணக்கு. எந்த அடுக்கு என்று கண்டுபிடித்துவிட்டால் மருந்து தானாகவே தெரியும்.

முதலில் கொஞ்சம் வரலாறு. யுகிஹிரோ மாட்சுமோட்டோ ரூபியை 1995இல் வெளியிட்டார். பிறர் எழுதிய நிரல்களைப் பொட்டலமாக வாங்கிப் பயன்படுத்தும் ரூபிஜெம்ஸ் 2003இல் ஒரு ரூபி மாநாட்டில் சில நண்பர்கள் சேர்ந்து எழுதியது. 2004 மார்ச்சில் வெளிவந்தது. ரூபி 1.9லிருந்து அது மொழியோடு சேர்ந்தே வருகிறது. ஜெம்கள் எல்லாம் இருக்கும் பொதுக் கிடங்கு ரூபிஜெம்ஸ்.ஆர்க்.

வலைத் தொடர்பு அடுக்கில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்து இறக்கும்போது பாதியில் அறுந்தால் மறுபடி இறக்கினால் போதும். விடாமல் வரும் தொல்லை ‘சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு’ என்ற செய்தி. பழைய மடிக்கணினிகளில் இதற்குப் பெரும்பாலும் காரணம் கடிகாரம். மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி செத்துவிட்டால், கணினியை ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று கணினி நம்பிவிடும். தேதியைச் சரிசெய்தால் பிழை போய்விடும். தேதி சரியாக இருந்தும் பிழை தொடர்ந்தால் ரூபிஜெம்ஸே பழையது என்று பொருள்; அதோடு வந்த சான்றிதழ்கள் காலாவதியாகியிருக்கும். இந்த இடத்தில் சிலர் கிடங்கின் முகவரியில் இருக்கும் ‘எச்டிடிபிஎஸ்’ஸை ‘எச்டிடிபி’ ஆக்கிவிடச் சொல்வார்கள். கதவு திறக்கவில்லை என்று பூட்டைக் கழற்றி எறியும் வேலை அது, செய்யக் கூடாது.

இரண்டாவது அடுக்கு ரூபியின் இருப்பிடம். உபுண்டுவிலோ டெபியனிலோ இயங்குதளத்தோடு வரும் ரூபி, ஜெம்களை ‘வார்’ அடைவுக்குள் வைக்கப் பார்க்கும். அங்கே எழுதச் சாதாரணப் பயனருக்கு அனுமதி இல்லை. உடனே ‘சூடோ’ போட்டு நிறுவச் சொல்வார்கள். அன்றைக்கு வேலை நடந்துவிடும். அடுத்த வாரம் சில கோப்புகள் ரூட்டின் பெயரிலும் சில நம் பெயரிலும் கலந்து கிடக்க, எதை அடித்தாலும் அனுமதி மறுப்பு வரும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: ‘சூடோ ஜெம் இன்ஸ்டால்’ என்பதுதான் ரூபி உலகில் அதிகம் பேரைக் கெடுத்த அறிவுரை. ஆர்பிஎன்வி அல்லது ஆர்விஎம் கொண்டு நம் வீட்டு அடைவுக்குள்ளேயே தனி ரூபி வைத்துக்கொள்வது நல்லது. ‘ஜெம் என்வ்’ என்று அடித்தால் எந்த ரூபி, எந்த அடைவு, எந்தப் பாதை என்று எல்லாம் வரும். பிழை கண்டவுடன் முதலில் அடிக்க வேண்டியது இதுதான், கூகுள் தேடல் அல்ல.

தனி ரூபி வைப்பதிலும் கண்ணி உண்டு. உபுண்டு 22.04 ஓப்பன்எஸ்எஸ்எல் 3உடன் வந்தது. ரூபி 3.1க்கு முந்திய பதிப்புகளுக்கு அது ஒத்துவராது. பழைய பாடப் புத்தகத்தைப் பார்த்து 2.7ஐக் கட்டப் போனவர்கள் அரை மணி நேரம் காத்திருந்து கடைசியில் பிழையோடு நின்றார்கள். ஆர்பிஎன்வியோடு சேர்ந்த ரூபி-பில்ட் கருவியைப் புதுப்பித்தால், தேவையான பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்லை அதுவே கட்டிக்கொள்ளும். ரூபி 3.2லிருந்து லிப்யாம்ல் நூலகத்தின் மூலநிரலை ரூபியோடு சேர்த்துத் தருவதையும் நிறுத்திவிட்டார்கள். ‘லிப்யாம்ல்-டெவ்’ இல்லாத கணினியில் ரூபி கட்டப்படுவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, ‘சைக்’ என்ற பகுதியைக் கட்ட முடியவில்லை என்று முடியும்.

மூன்றாவது அடுக்குதான் அதிகம் பேரை அழவைப்பது. பல ஜெம்கள் முழுக்க ரூபியில் எழுதப்பட்டவை அல்ல. உள்ளே சி மொழிப் பகுதி இருக்கும். எக்ஸ்எம்எல் படிக்கும் நோகோகிரி, போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தோடு பேசும் பிஜி, மைஎஸ்கியூஎல்2 எல்லாம் இந்த வகை. இவற்றை மூலநிரலாக இறக்கினால் நம் கணினியிலேயே கம்பைல் ஆக வேண்டும். கம்பைலரோ, தலைப்புக் கோப்போ, நூலகமோ ஒன்று குறைந்தாலும் ‘ஃபெயில்டு டு பில்ட் ஜெம் நேட்டிவ் எக்ஸ்டென்ஷன்’ என்ற வரி வந்து நிற்கும்.

இந்த வரியைத்தான் எல்லோரும் தேடுபொறியில் ஒட்டுகிறார்கள். அது சொல்வது “கட்ட முடியவில்லை” என்பது மட்டுமே. ஏன் என்பது சில வரிகள் மேலே இருக்கும். ‘ரூபி.எச்’ காணவில்லை என்று அங்கே இருந்தால் ‘ரூபி-டெவ்’ பொட்டலம் இல்லை. ‘லிப்பிக்யூ’ பற்றிய தலைப்புக் கோப்பு காணவில்லை என்றால் ‘லிப்பிக்யூ-டெவ்’. ‘மேக்’ என்ற கட்டளையே இல்லை என்றால் ‘பில்ட்-எசென்ஷியல்’. மேலேயும் தெளிவில்லை என்றால், பிழைச் செய்தி தானே அச்சிட்டுக் காட்டும் ‘எம்கேஎம்எஃப்.லாக்’ கோப்பைத் திறக்க வேண்டும். கம்பைலர் என்ன முயன்றது, எதைத் தேடிக் கிடைக்காமல் விட்டது என்பதெல்லாம் அதற்குள் வரிவரியாக இருக்கும். அதைத் திறந்து பார்ப்பவர் நூற்றில் ஒருவர்கூட இருக்கமாட்டார் என்பது என் சந்தேகம்.

பழைய கணினியில் இன்னொரு வேடிக்கை. 2 ஜிபி நினைவகத்தில் பெரிய சி++ ஜெம் ஒன்று கம்பைல் ஆகும்போது, எந்தத் தலைப்புக் கோப்பும் குறையாமலே நடுவில் ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு எல்லாம் நின்றுவிடும். நினைவகம் போதாமல் லினக்ஸ் கெர்னலே கம்பைலரைக் கொன்றுவிட்டது. இதற்கு எந்தப் பொட்டலத்தை நிறுவியும் பயனில்லை. ஸ்வாப் இடம் கொஞ்சம் கூட்டி, ஒரே நேரத்தில் ஒரு வேலை மட்டும் ஓடும்படி, ஜெம்களைச் சேர்த்து நிறுவும் பண்ட்லர் என்ற கருவியிடம் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பரில் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பழைய பெட்டிகளில் ஒன்றையும் இப்படித்தான் ஓட்ட முடியும்.

நோகோகிரி 2021 ஜனவரியில் வந்த 1.11லிருந்து, கம்பைல் செய்து முடித்த பொட்டலமாகவே கிடைக்கிறது. அதற்குப் பிறகு இந்த அடுக்கின் தொல்லை பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆனால் புதிதாக ஒன்று முளைத்தது: நிறுவிய பதிப்புகளைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பை மேக் கணினியில் எழுதியவர் அந்தத் தளத்தை மட்டும் பதிந்திருந்தால், லினக்ஸில் பண்ட்லர் “உன் தளம் பட்டியலில் இல்லை” என்று திருப்பி அனுப்பும். ‘பண்டில் லாக்’ கட்டளையில் தளத்தைச் சேர்க்கும் விருப்பம் இருக்கிறது. ஒரு வரியில் தீரும்.

இங்கே ஒரு நேர்நிகழ்ச்சி. பழவேற்காட்டுப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகளுக்குப் பெயர் உண்டு. அவற்றுக்குப் படத்தோடு ஒரு சின்னத் தளம் போடலாம் என்று கல்லூரிப் பெண் ஒருத்தி விண்டோஸ் மடிக்கணினியில் ஜெக்கில் நிறுவினாள். ஜெக்கில் ரூபியில் எழுதப்பட்ட, தளம் கட்டும் கருவி. தரவுத்தளம் வேண்டாம், கிட்ஹப்பில் இலவசமாகப் போடலாம். “ண்ணா, எல்லாம் இறங்கிடுச்சு, ஆனா ஓட்டுனா செவப்பா கொட்டுதுண்ணா” என்றாள். திரையில் இருந்தது ‘கேனாட் லோட் சச் ஃபைல், வெப்ரிக்’. ரூபி 3.0இல் வெப்ரிக் என்ற சின்ன வலைச் சேவையகத்தை மொழியிலிருந்து வெளியே எடுத்துத் தனி ஜெம்மாக்கிவிட்டார்கள். அவள் பின்பற்றிய பாடத்தின் ஜெக்கில் பழையது. அது உள்ளே இருக்கும் என்றே நம்பிக்கொண்டிருந்தது. ‘பண்டில் ஆட் வெப்ரிக்’ என்றதும் அது போனது. அடுத்து ஈவென்ட்மெஷின் என்ற ஜெம் தன் சி பகுதியை ஏற்ற முடியவில்லை என்றது. விண்டோஸுக்கு முன்பே கம்பைல் செய்து வைத்த பதிப்பு புதிய ரூபிக்குப் பொருந்தவில்லை. அதை நீக்கிவிட்டு, ரூபி இன்ஸ்டாலரோடு வந்த எம்சிஸ்2 கருவிகளால் மூலநிரலிலிருந்து கட்டினோம். இரண்டு பிழைகளும் அவள் செய்ததல்ல. ஒன்று மொழியின் முடிவு, மற்றொன்று யாரோ கட்டிவைத்த பொட்டலத்தின் வயது.

வெப்ரிக் கதை தொடரும் என்றே தெரிகிறது. 2024 டிசம்பரில் வந்த ரூபி 3.4இல் சிஎஸ்வி, பேஸ்64, பிக்டெசிமல் முதலியவற்றையும் அப்படி வெளியே எடுத்தார்கள். வேண்டிய ஜெம்களைப் பட்டியலிடும் ஜெம்ஃபைலில் பெயர் சொல்லாமல் இவற்றைப் பயன்படுத்திய பழைய நிரல்கள் எல்லாம் ‘லோட் எரர்’ காட்டின. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மொழி மெலிய வேண்டியது அவசியம். ஆனால் ஜெம் எழுதுபவர்கள் “ரூபி இந்தப் பதிப்புக்கு மேல் வேண்டும்” என்று கீழ் எல்லை மட்டும் எழுதுவது வழக்கம். மேல் எல்லை எழுத அவர்களுக்கு எதிர்காலம் தெரியாது. அதனால் 2017இல் எழுதிய ஜெம், இன்றைய ரூபிக்கும் தான் பொருத்தம் என்று சொல்லிக்கொண்டே நிறுவப்படும்; ஓடும்போது விழும். லிக்விட் என்ற ஜெம்மின் 4.0.3 பதிப்பு அப்படித்தான் விழுந்தது. ரூபி 3.2 ‘டெய்ன்டட்’ என்ற பழைய மெத்தடை நீக்கியதும், அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த லிக்விட்டும், லிக்விட்டை நம்பிய ஜெக்கிலும் சேர்ந்து சாய்ந்தன. 4.0.4 வந்த பிறகே எழுந்தன.

நான்காவது அடுக்கு, பதிப்புக் கணக்கு. நோட்.ஜேஎஸ் உலகில் ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் ஒரு நிரலுக்குள் அருகருகே இருக்கலாம். ரூபியில் முடியாது, ஒரு ஓட்டத்தில் ஒரு ஜெம்முக்கு ஒரே பதிப்பு. ஒரு ஜெம் ராக் என்ற நூலகத்தின் 1.0ஐக் கேட்க, இன்னொன்று ஏற்கெனவே 1.1ஐ ஏற்றியிருந்தால், 2009 வாக்கில் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே “ஏற்கெனவே வேறு பதிப்பு ஏறிவிட்டது” என்று இறந்துபோகும். இந்த வேதனையிலிருந்து பிறந்ததுதான் பண்ட்லர். யெஹுடா கட்ஸும் கார்ல் லெர்ஷேயும் எழுதத் தொடங்கியது, 1.0 பதிப்பு 2010 ஆகஸ்டில், ரெயில்ஸ் 3 வந்த அதே மாதம் வெளியானது. ஓடுவதற்கு முன்பே எல்லாருடைய நிபந்தனைகளையும் சேர்த்துப் பார்த்து, எல்லாருக்கும் ஒத்துப்போகும் ஒரு பதிப்புத் தொகுப்பைத் தேடுவது அதன் வேலை. இது கணினி அறிவியலில் கடினம் என்று நிரூபிக்கப்பட்ட என்பி-முழுமை வகைக் கணக்கு. அதனால்தான் சில ஜெம்ஃபைல்களில் பண்ட்லர் நீண்ட நேரம் யோசிக்கிறது.

யோசித்து முடியாதபோது அது சொல்லும் விளக்கம் பல வருடங்களாகப் படிக்க முடியாததாக இருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கிய ஒரு மரம், இருபது ஜெம் பெயர்கள், எங்கே முட்டிக்கொண்டது என்று தெரியாது. 2022 டிசம்பரில் வந்த பண்ட்லர் 2.4, டார்ட் மொழிக்காக நடாலி வைசன்பாம் வடிவமைத்த பப்கிரப் முறைக்கு மாறியது. இப்போது “இது அதைக் கேட்கிறது, அது இதற்குப் பொருந்தாது, ஆகவே முடியாது” என்று வரிசையாகவே வருகிறது. பழைய பண்ட்லரில் முட்டிக்கொண்டவர்கள் பதிப்பைப் புதுப்பித்து அதே பிழையை மறுபடி வாங்கிப் படித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இந்தத் தேடல் ஒருமுறை முடிந்ததும் விடை ‘ஜெம்ஃபைல்.லாக்’ என்ற கோப்பில் எழுதப்படுகிறது. பழவேற்காட்டில் பாடு முறை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்தத் தலைக்கட்டு எந்த முறையில் எந்தப் பாட்டில் வலை போடும் என்று ஊர் கூடி முடிவுசெய்துவிட்டால், அடுத்த முறை கூடும்வரை அதுதான் கணக்கு. காலையில் எழுந்து யாரும் புதிதாகப் பேரம் பேசுவதில்லை. லாக் கோப்பும் அப்படித்தான். அதை கிட்டில் சேர்க்காமல் விடுபவரும், பெயர் சொல்லாமல் ‘பண்டில் அப்டேட்’ அடிப்பவரும் ஊரையே மறுபடி கூட்டுகிறார்கள். ஒரு ஜெம்மை மட்டும் உயர்த்த வேண்டுமானால் அதன் பெயரைச் சொல்லி, ‘கன்சர்வேடிவ்’ விருப்பத்தோடு உயர்த்தலாம், மற்றவை அசையாது. பிழை வந்ததும் லாக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொல்லும் அறிவுரை, சூடோவுக்கு அடுத்த கெட்ட அறிவுரை. பழைய பிழை போய் மூன்று புதிய பிழைகள் வரும். முன்னால் எது ஓடிக்கொண்டிருந்தது என்ற சாட்சியும் போய்விடும்.

லாக் கோப்பு இருந்தாலும் காக்க முடியாத நாட்கள் உண்டு. 2021 மார்ச் 24 அப்படிப்பட்ட நாள். மைம்மேஜிக் என்ற சின்ன ஜெம், ஜிபிஎல் உரிமத்தில் வந்த ஒரு தரவுக் கோப்பை எம்ஐடி உரிமத்தின் கீழ் வைத்திருந்தது தெரியவந்தது. ஆசிரியர் பழைய பதிப்புகளைக் கிடங்கிலிருந்து விலக்கிவிட்டார். ரெயில்ஸின் ஆக்டிவ் ஸ்டோரேஜ், மார்செல் என்ற ஜெம் வழியாக அதை நம்பியிருந்தது. லாக் கோப்பில் 0.3.5 என்று இருக்க, கிடங்கில் அது இல்லை. உலகெங்கும் புதிதாக நிறுவிய ரெயில்ஸ் நிரல்கள் நின்றன. அடுத்து எம்ஐடி உரிமத்தில் வந்த பதிப்பு, அந்தத் தரவுக் கோப்பை இயங்குதளத்திலேயே தேடியது. ‘ஷேர்டு-மைம்-இன்ஃபோ’ இல்லாத கணினியில் அதுவும் விழுந்தது. உரிமப் பிரச்சினையைத் தீர்த்த கையோடு பிழையை மூன்றாம் அடுக்குக்குத் தள்ளிவிட்டார்கள். இரண்டே நாளில் ரெயில்ஸ் 6.1.3.1, 6.0.3.6, 5.2.5 ஆகியவை வந்து மைம்மேஜிக்கையே கைவிட்டன.

2025 ஜனவரியில் நடந்தது இதைவிட நுட்பமானது. கன்கரன்ட்-ரூபி என்ற ஜெம்மின் 1.3.5 பதிப்பு, தனக்குத் தேவையில்லாத ‘லாகர்’ நூலகத்தை ஏற்றுவதை நிறுத்தியது. நியாயமான திருத்தம். ஆனால் ரெயில்ஸ் 7.0உம் அதற்கு முந்தியவையும் லாகரைத் தாமாக ஏற்றாமல், கன்கரன்ட்-ரூபி ஏற்றிவிடும் என்ற தற்செயலில் ஓடிக்கொண்டிருந்தன. பண்ட்லரின் கணக்கில் எந்த முட்டலும் இல்லை, நிறுவலும் வெற்றி. சேவையகத்தை எழுப்பினால் ‘லாகர்’ என்ற பெயர் தெரியாது என்று விழும். திரையில் குற்றவாளி ரெயில்ஸின் ஆக்டிவ் சப்போர்ட், மாறியது கன்கரன்ட்-ரூபி, தவறு யாரும் எழுதிவைக்காத ஒரு நம்பிக்கையில். கன்கரன்ட்-ரூபியை 1.3.4இல் நிறுத்துவதோ, தொடக்கத்திலேயே லாகரை ஏற்றுவதோ வேலையைத் தீர்த்தது. நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் லாக் கோப்பின் நேற்றைய, இன்றைய வடிவங்களை ‘கிட் டிஃப்’ போட்டுப் பார்ப்பதுதான் குறுக்கு வழி.

கெட்ட எண்ணத்தோடு வருபவையும் உண்டு. 2020 தொடக்கத்தில், பிரபல ஜெம்களின் பெயரில் அடிக்கோட்டை இணைப்புக்குறியாக மாற்றியதுபோன்ற சின்ன மாற்றங்களோடு 700க்கும் மேற்பட்ட போலி ஜெம்கள் கிடங்கில் ஏற்றப்பட்டதை ரிவர்சிங்லேப்ஸ் நிறுவனம் கண்டறிந்தது. 2019இல் ரெஸ்ட்-கிளையன்ட் ஜெம்மின் பராமரிப்பாளர் கணக்கையே பிடித்து நச்சுப் பதிப்பு ஏற்றினார்கள். நிறுவல் தோற்கும்போது பெயரை மாற்றி மாற்றி அடித்துப் பார்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எழுத்துப் பிழையில் நிறுவல் திடீரென்று வெற்றி பெற்றால் அதுதான் பயப்பட வேண்டிய வெற்றி.

மெல்லிய இணையமும் பகிர்ந்துகொள்ளும் கணினியும் இருக்கும் இடத்துக்கு, எந்தப் பாடமும் முன்னால் வைக்காத ஒரு வசதி பண்ட்லரிலேயே இருக்கிறது. நல்ல இணைப்பு கிடைக்கும் இடத்தில் ‘பண்டில் கேஷ்’ என்று அடித்தால், லாக் கோப்பில் உள்ள எல்லா ஜெம்களும் நிரலின் ‘வெண்டார்’ அடைவுக்குள் கோப்புகளாக வந்து உட்காரும். எல்லாத் தளங்களுக்கும் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்குமான பொட்டலங்கள் வரும். பென்டிரைவில் நகலெடுத்து ஊரில் ‘பண்டில் இன்ஸ்டால்’ஐ ‘லோக்கல்’ விருப்பத்தோடு ஓட்டினால் இணையமே வேண்டாம். சி பகுதி உள்ள ஜெம்களுக்கான டெபியன் பொட்டலங்களையும் கூடவே எடுத்துப்போக வேண்டும். அதை மறந்தால் ஊருக்கு வந்த பிறகு மூன்றாம் அடுக்கில் மாட்டுவோம். ஆவணங்களை உருவாக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பழைய கணினியில் நேரமும் மிச்சம். ஆனால் பழைய பாடங்கள் அதற்குத் தரும் ‘நோ-ஆர்ஐ’, ‘நோ-ஆர்டாக்’ விருப்பங்களை ரூபிஜெம்ஸ் 3 நீக்கிவிட்டது, இப்போது ‘நோ-டாக்குமென்ட்’.

கடைசியாக, தமிழில் எழுதுபவர்களுக்கு வரும் ஒரு வகை. விண்டோஸில் பயனர் பெயரைத் தமிழிலோ இடைவெளி விட்டோ வைத்திருந்தால், எம்சிஸ்2வை அந்த அடைவுக்குள் நிறுவக் கூடாது. அதன் கருவிகள் அத்தகைய பாதைகளில் தடுமாறும். இயக்கியின் வேரிலேயே இடைவெளியில்லாத ஆங்கிலப் பெயரில் ஓர் அடைவு வைத்தால் பிரச்சினை இல்லை. லினக்ஸில் வேறு மாதிரி. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட். கணினியின் மொழி அமைப்பு ‘சி’ என்று இருந்தால் ரூபி கோப்புகளை ஆஸ்கி என்றே எடுத்துக்கொண்டு, முதல் தமிழ் எழுத்தில் ‘இன்வேலிட் பைட் சீக்வென்ஸ்’ என்று நிற்கும். பனையோலைத் தளம் அவள் கணினியில் ஓடி, வாடகைச் சேவையகத்தில் விழுந்தது இதனால்தான். ஜெம்களை மறுபடி நிறுவி ஒரு மாலை போனது. தேவைப்பட்டது ‘லாங்’ மாறியில் ‘சி.யூடிஎஃப்-8’ என்று ஒரே ஒரு அமைப்பு. டாக்கரின் அதிகாரப்பூர்வ ரூபி படிமத்தில் அது முன்பே இருக்கிறது. வெறும் சேவையகத்தை எடுப்பவர்கள் தாமே போட வேண்டும்.